பாதையில் முன்னிடம் யந்திரத்துக்கா, மக்களுக்கா?

விலையுயர்ந்த கார் ஒன்றில் தனியொருவர் செல்கிறார். அதன் பக்கத்தில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஒன்று செல்கிறது. நெரிசல் மிகுந்த பாதையில் இவ்விரண்டில் எதற்கு முதலில் வழிவிடுவது? இதற்கு விடை காண விசாரணைக் குழு எதுவும் வேண்டியதில்லை. முறிகண்டியில் கற்பூரம் கொளுத்த இறங்கும் எந்தப் பிரயாணியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் காரின் முன்மூடிக்குக் கீழே பெற்றோல் யந்திரத்தோடு மின்சார மோட்டார் ஒன்றும் சேர்ந்திருந்தால் அந்த விடை மாறிவிடுமா? மாறிவிடும் என்று வாதிடுவோர் உலகில் பலர் உளர். அவ்வாறே சட்டம் இயற்றி, பின்னர் அச்சட்டத்தை மீளப்பெற்றுக்கொண்ட அரசாங்கங்களும் உள.

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் நமக்கு இந்த வழக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். ஏ-9 பாதை ஓமந்தைக்கு அப்பால் பெரும்பாலும் போகும் வண்டிக்கு ஒரு தடம், வரும் வண்டிக்கு ஒரு தடம் என்ற அளவிலேயே கிடக்கிறது. அதில் தனி ஒழுங்கை ஏது? அதற்குள் நுழைய அனுமதிதான் ஏது? கேள்வி நியாயமானதே. ஆயினும் தனி ஒழுங்கை என்பது தார் வீதியில் வெள்ளைக் கோடு போட்டு ஒதுக்கப்படுவது மட்டுமன்று. துறைமுகத்துச் சுங்கத்திலும் அஃது உண்டு. பெற்றோல் நிலையத்து வரிசையிலும் உண்டு. வரவு செலவுத் திட்டத்தின் பக்கங்களிலும் உண்டு. ஹைபிரிட் காருக்கு அங்கெல்லாம் இடம் ஒதுக்கப்பட்ட கதையை இந்நாடு முன்னரே கண்டிருக்கிறது. கொழும்பிலே பஸ் ஒழுங்கைகள் கீறப்பட்டுவிட்டன. வடக்கே விரைவுப் பாதை வரும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. பாதை வந்தபின் அதில் யார் முந்துவது என்று வாதாடுவதிலும், வருமுன்னர் நியாயத்தைத் தீர்த்துக்கொள்வது நன்று.

சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. ஒழுங்கை என்றால் நம்மூரவர்க்கு நினைவில் எழுவது இருமருங்கும் வேலியடைத்த, ஒரு மாட்டுவண்டி மட்டும் போகக்கூடிய குறுகிய வழி. பெருவீதியைக் கோடிட்டுப் பிரித்த பகுதிக்கும் இலங்கைத் தமிழில் அச்சொல்லே வழங்கிவிட்டது. இங்கு அந்தப் பொருளிலேயே அதனை ஆளுகின்றோம்.

பலர் சேர்ந்து செல்லும் வாகனங்களுக்கென்று ஓர் ஒழுங்கையை ஒதுக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. வேர்ஜீனியா மாநிலத்தினூடாக வாஷிங்டன் நகரை நோக்கிச் செல்லும் ஷேர்லி பெருவீதியில் 1969-ஆம் ஆண்டில் பஸ்களுக்கென்று தனி ஒழுங்கை திறந்தார்கள். 1973-ஆம் ஆண்டின் இறுதியில், நாலு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் செல்லும் கார்களையும் அதற்குள் விட்டார்கள். அராபிய நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்து, பெற்றோல் நிலையங்களில் வரிசை நீண்டிருந்த காலம் அது. ஒரே தெருவில் குடியிருந்து ஒரே திசையில் வேலைக்குப் போகும் நால்வர் நாலு காரில் போவானேன் என்ற எளிய எண்ணமே அந்த ஏற்பாட்டின் உயிர். காரின் விலை என்ன, வயது என்ன, யந்திரம் எத்தகையது என்று அவ்வொழுங்கை கேட்கவில்லை. உள்ளே எத்தனை பேர் என்று மட்டுமே கேட்டது. இதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னர் நடந்ததெல்லாம் இந்தத் தலைக்கணக்கிலிருந்து வழுவியதன் விளைவேயாகும்.

1997-ஆம் ஆண்டு யப்பானில் ரொயோட்டா நிறுவனத்தார் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரை விற்பனைக்கு விட்டனர். 2000-ஆம் ஆண்டளவில் அஃது அமெரிக்காவை அடைந்தது. புகை குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு. ஆகவே அதனை வாங்குவோருக்கு ஏதேனும் ஊக்கம் அளிக்க வேண்டும் என்று ஆட்சியாளர் எண்ணினர். பணமாகக் கொடுத்தால் திறைசேரி கரையும். ஒழுங்கையில் இடம் கொடுத்தால் யாருக்கும் செலவில்லை என்று தோன்றிற்று. வேர்ஜீனியா தனியொருவர் ஓட்டும் ஹைபிரிட் காரையும் அனுமதித்தது. கலிபோர்ணியா 2004-இல் சட்டம் செய்தது. 2005-இல் மத்திய அரசாங்கம் அதற்கு வழி திறந்தது. கலனுக்கு 45 மைலுக்குக் குறையாது ஓடும் ஹைபிரிட் கார்களுக்கு மஞ்சள் நிற ஒட்டுச்சீட்டு வழங்கப்பட்டது. ஒன்றல்ல, பத்தல்ல, 85,000 சீட்டுகள்!

விளைவு யாது? மஞ்சள் சீட்டு ஒட்டிய பழைய கார், ஒட்டாத அதேபோன்ற காரிலும் கூடிய விலைக்கு விற்கப்பட்டது. பொதுமக்களின் பாதையில் முந்திச் செல்லும் உரிமை தனியார் கையில் விலைச்சரக்காயிற்று. வேர்ஜீனியாவில் ஒழுங்கை ஹைபிரிட் கார்களால் நிரம்பியது. ஆகவே 2006-ஆம் ஆண்டு யூலைக்குப் பின் புதிதாகப் பதிவான ஹைபிரிட் கார்களுக்கு ஷேர்லி பெருவீதியின் அவ்வொழுங்கையில் அச்சலுகை இல்லையென்று விதிக்கவேண்டி வந்தது. கலிபோர்ணியாவில் மஞ்சள் சீட்டின் ஆயுள் 2011-ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதியோடு முடிந்தது. அதன்பின் முழு மின்சாரக் கார்களுக்கும், மின்னிணைப்பில் மாட்டி ஏற்றக்கூடிய கார்களுக்கும் வேறு நிறச் சீட்டுகள் வந்தன. மத்திய சட்டம் தந்த அனுமதி 2025 செப்டெம்பர் 30-ஆந் திகதி முடிவடைந்தபோது அவையும் செல்லாதனவாயின. இருபது ஆண்டுகள் சுற்றியலைந்து, புறப்பட்ட தலைக்கணக்குக்கே அந்த மாநிலம் திரும்பி வந்திருக்கிறது.

ஹைபிரிட் கார் எவ்வாறு எண்ணெயை மிச்சம் பிடிக்கிறது என்பதை அறிந்தால் இந்தச் சலுகையின் முரண் இன்னும் தெளிவாகும். சாதாரண காரில் பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் வேகம் வெறும் சூடாகிக் காற்றில் கலந்து போகிறது. ஹைபிரிட் காரிலோ அந்த வேகத்தின் ஒரு பகுதி மின்சாரமாகி மின்கலத்துள் சேர்கிறது. மீண்டும் புறப்படும்போது அம்மின்சாரம் சக்கரத்தைச் சுழற்ற உதவுகிறது. நின்றிருக்கும் வேளையில் பெற்றோல் யந்திரம் தானே அணைந்துவிடுகிறது. ஆகவே நின்று நின்று ஊர்ந்து செல்லும் பட்டணத்து நெரிசலே அந்தக் காருக்கு மிகப் பெரிய இலாபம் தரும் இடம். தங்குதடையின்றி விரைந்தோடும் பாதையில் அதன் இலாபம் சுருங்கிவிடும். அத்தகைய காரை நெரிசலிலிருந்து எடுத்து விரைவு ஒழுங்கையில் விடுவது நீந்தத் தெரிந்தவனுக்கு வள்ளத்தில் இடங்கொடுத்துவிட்டு, தெரியாதவனை நீந்தி வா என்பது போலாகும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை ஏறத்தாழ 75 கிலோமீற்றர். இடையில் மாடுகள் குறுக்கிட்டாலன்றி அதிகம் பிரேக் பிடிக்கவேண்டியதில்லை. இப்பாதையில் ஓடும் ஹைபிரிட் காரின் மிச்சம் கொழும்பு நெரிசலில் ஓடுவதன் மிச்சத்துக்கு ஈடாகாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹைபிரிட் கார் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியொருவர் போனால் ஒரு லீற்றர் ஒரு மனிதனை 20 கிலோமீற்றர் கொண்டுசெல்கிறது. பழைய சாதாரண கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் மட்டுமே ஓடட்டும். அதில் நால்வர் ஏறினால் கணக்கு 48. மோட்டார்ச் சைக்கிள் 40 கிலோமீற்றர் ஓடி இருவரைச் சுமந்தால் 80. பஸ் லீற்றருக்கு நாலே கிலோமீற்றர் ஓடி ஐம்பது பேரைச் சுமந்தால் 200. புத்தம்புதிய ஹைபிரிட் காரில் தனித்துச் செல்பவரை, புகை கக்கும் பழங்காரில் போகும் நாலு ஆசிரியர்கள் இரண்டு மடங்குக்கு மேல் வென்றுவிடுகிறார்கள். பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு விசுவமடுச் சந்தைக்குப் போகும் கமக்காரர் நாலு மடங்கு வெல்கிறார். அவருக்கு யார் ஒட்டுச்சீட்டு வழங்கினார்கள்?

அதே ஹைபிரிட் காரில் நால்வர் ஏறட்டும். கணக்கு 80 ஆகிறது. அப்போது அது முன்னுரிமை ஒழுங்கைக்குள் தாராளமாக வரலாம். ஆனால் ஹைபிரிட் என்பதனால் அன்று, நால்வர் என்பதனால்.

எதிர்த் தரப்பின் மிகவும் பலமான வாதத்தையும் மறைக்காது சொல்லவேண்டும். கலிபோர்ணியாவில் மஞ்சள் சீட்டுக் கார்கள் வெளியேற்றப்பட்டபின், பேர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரான காசிடியும் ஜாங்கும் வீதி அளவீடுகளை ஆராய்ந்து, ஒழுங்கையில் ஓட்டம் விரைவதற்குப் பதிலாகக் குறைந்தது என்று 2011-இல் எழுதினர். வெளியேற்றப்பட்ட கார்கள் பக்கத்து ஒழுங்கைகளை அடைத்தன. அங்கு ஊர்ந்த வண்டிகள் அருகிலிருந்த முன்னுரிமை ஒழுங்கையையும் மந்தமாக்கின என்பது அவர்கள் கண்ட காரணம். இது பொய்யன்று. நுணுக்கமான ஆராய்ச்சி. ஆயினும் அஃது எதை நிறுவுகிறது? ஒழுங்கையில் இடம் வெறிதே கிடந்தால் சிலரை உள்ளே விடுவது எல்லோர்க்கும் நன்மை என்பதை நிறுவுகிறது. அந்தச் சிலர் ஹைபிரிட் காரின் சொந்தக்காரராகவே இருக்கவேண்டும் என்று அது நிறுவவில்லை. நோயாளரைக் கொண்டுசெல்லும் வான், மாணவரை ஏற்றும் வான், மரக்கறி வாடுமுன் சந்தைக்குச் சேரவேண்டிய லொறி, இருவர் கூடிச் செல்லும் எந்தக் காரும் அந்த வெற்றிடத்துக்கு உரிமை கொண்டாடலாமே! பணம் படைத்தவனின் புதிய காரை மட்டும் தெரிந்தெடுப்பதற்கு அவ்வாராய்ச்சியில் ஆதாரம் இல்லை.

ஊக்கம் கொடுக்காவிட்டால் புதிய தொழில்நுட்பம் பரவாது என்பார் இன்னொரு சாரார். நோர்வே நாட்டில் முழு மின்சாரக் கார்களைப் பஸ் ஒழுங்கையில் விட்டார்கள். ஹைபிரிட் அல்ல, ஒரு சொட்டுப் பெற்றோலும் குடியாத கார்கள். அவை பெருகவும் செய்தன. பெருகியபோது பஸ்கள் தமது சொந்த ஒழுங்கையிலேயே சிக்கிக்கொண்டன. மேற்கிலிருந்து ஒஸ்லோ நகருக்குள் வரும் பெருவீதியில், நெரிசல் வேளையில் காரோட்டியோடு இன்னொருவரும் இருந்தாலன்றி மின்சாரக் காருக்கும் பஸ் ஒழுங்கையில் இடமில்லை என்று பின்னர் விதிக்க நேர்ந்தது. அங்கும் இறுதியில் எண்ணப்பட்டது தலையே. டில்லியில் 2016 சனவரியில் ஒற்றையெண் கார்கள் ஒரு நாளும் இரட்டையெண் கார்கள் மறுநாளும் ஓடவேண்டும் என்று கட்டுப்பாடு வந்தபோது, எரிவாயு, மின்சார, ஹைபிரிட் கார்களுக்கு விலக்களித்தார்கள். எரிவாயு ஒட்டுச்சீட்டுகள் தகுதியற்ற கார்களிலும் ஏறிக்கொண்டன. 2019 நவம்பரில் அதே கட்டுப்பாடு மறுபடி வந்தபோது எரிவாயுக் கார்களுக்கான விலக்கை நீக்கிவிட்டார்கள். இவையெல்லாம் ஒரே பாடத்தைப் பல மொழிகளில் ஒப்புவிக்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஹைபிரிட் கார்களுக்கு 2010-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சாதாரண கார்களிலும் குறைந்த இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. பிரியஸ், அக்குவா, வெசல், பின்னர் சிறிய வாகன்-ஆர் என்று அவை கொழும்புத் தெருக்களை நிறைத்தன. 2018-இல் சிறிய ஹைபிரிட் கார்களின் வரியை உயர்த்தினார்கள். 2020 மார்ச்சில் கார் இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறக்கப்பட்டது. எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும் காருக்கு வரியைக் குறைத்து விதிப்பதை நாம் எதிர்க்கவில்லை. எண்ணெய்க்கு ஒரு துளியும் ஊற்றில்லாத தீவு இது. இறக்குமதியாகும் ஒவ்வொரு பீப்பாவும் தேயிலையும் தைத்த ஆடையும் விற்றுப்பெற்ற அந்நிய நாணயத்தை விழுங்குகிறது. ஆனால் வரி என்பது பணக்கணக்கு. கூட்டலாம், குறைக்கலாம், தவறென்று கண்டால் அடுத்த ஆண்டில் திருத்தலாம். பாதையின் இடமோ வளராது. ஒருவருக்கு ஒதுக்கிய அடியை இன்னொருவரிடமிருந்து பறித்தேயாகவேண்டும். கொடுத்த சலுகையைத் திரும்பக் கேட்டால் அதை உரிமையென்று பிடித்துக்கொண்டு போராட ஒரு கூட்டம் அதற்குள் வளர்ந்துவிடும். சலுகை வரியில் கார் இறக்கக் கொடுத்த அனுமதிப் பத்திரங்கள் இந்நாட்டில் கைமாறி விலைபோன கதை யாருக்குத் தெரியாது? மஞ்சள் சீட்டை விற்ற கலிபோர்ணியாக்காரரை நாம் எள்ளி நகையாட இயலாது.

கொழும்பின் புறநகரில், இராஜகிரியவை அடுத்த வீதியில், 2017-ஆம் ஆண்டில் பஸ்களுக்கு முன்னுரிமை ஒழுங்கை பரீட்சார்த்தமாகக் கொண்டுவரப்பட்டது. 2020-இல் ஒழுங்கை விதிகளை மறுபடி கடுமையாக அமுல்படுத்த முயன்றனர். காரோட்டிகள் அப்போது முறையிட்டது நமக்கு நினைவிருக்கிறது. தங்களுடைய பாதி வீதியை யாரோ களவாடிவிட்டதாக அவர்கள் பேசினர். ஆனால் ஒரு பஸ்ஸில் இருந்த மக்களைத் தனித்தனிக் காரில் ஏற்றினால் அந்த வீதி எத்தனை மைல் நீளவேண்டும் என்று கணக்கிட்டவர் அவருள் எவருமில்லை. நாளை அதே ஒழுங்கையை ஹைபிரிட் காருக்குத் திறந்துவிடுங்கள் என்ற கோரிக்கை எழுந்தால், சூழலைக் காக்கவேண்டும் என்ற நல்ல சொல்லைப் போர்த்துக்கொண்டே எழும். அதனால்தான் இன்றே பேசுகின்றோம்.

இப்பத்திரிகையைப் படிக்கும் டொக்டர்களும் பொறியியலாளரும் வங்கி முகாமையாளரும் அதிபர்களும் நாம் தங்களைத் தாக்குவதாக எண்ணவேண்டாம். அவர்களில் பலர் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கடமை. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வீடு. நாள்தோறும் நூறு கிலோமீற்றருக்கு மேல் பிரயாணம் செய்யும் மனிதருக்கு எண்ணெய் மிச்சம் பிடிக்கும் வண்டி ஆடம்பரம் ஆகாது. நாம் கேட்பது வேறு. பக்கத்து ஆசனம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது? வன்னிப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்கள் எவரும் அமெரிக்கச் சட்டத்தைப் படிக்கவில்லை. மாதச் சம்பளத்தில் பாதியைப் போக்குவரத்து விழுங்குவதைக் கண்டு, பத்துப் பேர் சேர்ந்து ஒரு வான் பேசிக்கொள்கிறார்கள். விடிவதற்கு முன்னர் சந்திக்குச் சந்தி நின்று ஆளை ஏற்றி, பாடசாலை மணி அடிக்குமுன் இறக்கிவிடும் அந்த வானே வன்னியின் உண்மையான கூட்டுப் பிரயாணம். அதற்கு ஒழுங்கையும் இல்லை, வரிச்சலுகையும் இல்லை. தேய்ந்த ரயரை மாற்றுவதற்கே சொந்தக்காரர் திண்டாடுகிறார்.

அந்த வானிலும் இடமில்லாதவர்களை நினைத்துப் பாருங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகவேண்டிய தாய் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாளே போயிற்று. துணுக்காய், மல்லாவிப் பக்கத்தவர் மாங்குளம் சந்தியில் வந்து அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் காயவேண்டும். அறிவியல் நகரிலுள்ள பொறியியல், விவசாய பீடங்களுக்குப் போகும் மாணவர் கூட்டம் மிதிபலகையில் தொங்குகிறது. முத்தையன்கட்டில் கத்தரியும் மிளகாயும் செய்யும் கமக்காரர் மூட்டையைப் பஸ்ஸின் மேற்தட்டில் போட்டுக்கொண்டு சந்தைக்கு வருகிறார். இவர்களுள் எவரும் ஹைபிரிட் காரின் வரி குறைந்ததால் ஒரு சதமும் பயன் கண்டதில்லை. இவர்கள் ஏறும் பஸ்ஸோ, இ.போ.ச.வுக்கும் தனியாருக்கும் இடையே நேர அட்டவணைச் சண்டை மூண்டால் ஓடாமலே நின்றுவிடும். வவுனியாவில் 2017-இல் திறந்த புதிய பஸ் நிலையத்தை முன்னிட்டு எழுந்த பிணக்கில் பிரயாணிகள் பட்ட பாட்டை வவுனியா வாசகர் அறிவர். அந்தப் பிணக்கில் இரு தரப்புக்கும் பேச ஆளிருந்தது. பொதியோடு வெயிலில் நின்றவனுக்குப் பேச ஆளில்லை.

ஹைபிரிட் என்ற சொல் நமக்குப் புதியது. பொருள் பழையது என்றுகூடச் சொல்லலாம். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பெற்றோல் வன்னிக்குள் வருவது அரிதாயிருந்தது. சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு மோட்டார்ச் சைக்கிளைத் துவக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இரண்டு எரிபொருளில் ஓடும் அந்த வண்டியில் இருவரும் மூவரும் ஒரு மூட்டை நெல்லும் போயின. புகை கண்ணைக் கரித்தது உண்மை. சூழலுக்கு அது நல்லதென்று எவரும் சான்றிதழ் தரமாட்டார். ஆனால் ஒரு துளி எண்ணெயை எத்தனை பேருக்குப் பகிரலாம் என்ற கணக்கை வன்னி மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை.

அந்தக் கணக்கை அரசாங்கம் மறந்த காலம் ஒன்றும் அண்மையில் வந்தது. 2022-ஆம் ஆண்டு அந்நிய நாணயம் வற்றி, எண்ணெய்க் கப்பலுக்குப் பணங்கட்ட வழியின்றி, நாடு முழுவதும் வரிசையில் நின்றது. யூலையில் கியூ.ஆர். அட்டை முறையை அறிவித்தபோது வாரப் பங்கு இவ்வாறு அமைந்தது: காருக்கு 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4, முச்சக்கர வண்டிக்கு 5, உழவு யந்திரம் போன்ற வண்டிகளுக்கு 15, பஸ்ஸுக்கு 40. வரிசையைக் குறைத்த அளவில் அம்முறையைப் பாராட்டலாம். ஆயினும் அந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். ஒரு குடும்பம் முழுவதையும் சுமக்கும் சைக்கிளுக்கு 4. ஒருவர் போகும் காருக்கு அதன் ஐந்து மடங்கு. ஊருக்குச் சோறு போடும் வயலை உழும் யந்திரத்துக்குக் காரிலும் குறைவு. ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்குக் காரின் இரு மடங்கே. ஹைபிரிட் கார் வைத்திருந்தவர் அந்த 20 லீற்றரில் 400 கிலோமீற்றர் ஓடினார். மற்றவர் அதில் பாதியளவே ஓடினார். வண்டியை எண்ணிப் பங்கிட்டார்கள், மனிதரை எண்ணவில்லை. தார் வீதியில் கோடு போடாமலே முன்னுரிமை ஒழுங்கை ஒன்று உருவாகிவிட்டது.

இந்த நிலையில் என்ன கேட்கலாம்? கொழும்பிலாயினும், நாளை வவுனியா, கிளிநொச்சி நகரங்களிலாயினும், பஸ்ஸுக்கென்று ஒழுங்கை கீறப்பட்டால் அதில் பஸ்ஸும், நோயாளர் காவு வண்டியும், ஆட்கள் நிறைந்த பாடசாலை, அலுவலக வான்களும் மட்டுமே போகவேண்டும். இடம் மிஞ்சினால் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள கார் வரலாம்; அது ஹைபிரிட்டா, மின்சாரமா, முப்பது வருடப் பழசா என்று பொலிசார் குனிந்து பார்க்கவேண்டியதில்லை. ஆட்களை எண்ணுவது கடினம் என்பார்கள். யந்திரத்தை எண்ணுவதற்கு எண்பத்தையாயிரம் சீட்டு அச்சடித்தவர்களைப் பார்த்தபின் அந்தச் சாட்டு எடுபடாது. ஹைபிரிட் காருக்கு ஊக்கம் வேண்டுமானால் அது வரியோடு நிற்கட்டும். அவ்வரிச்சலுகைக்குச் சமமான ஒரு தொகை கிராமத்துப் பஸ்ஸுக்கும், ஆசிரியரையும் மாணவரையும் ஏற்றும் வானுக்கும் கிடைக்கட்டும்.

இதனை யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் ஓடும் பஸ் சேவையை ஒழுங்குபடுத்துவது மாகாணத்தின் பொறுப்பு. அந்தப் பஸ் ஓடும் ஏ-9 பாதையோ மத்திய அரசாங்கத்தின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. காரின் வரியை விதிப்பது கொழும்புத் திறைசேரி. பஸ் ஒருவர் கையில், பாதை இன்னொருவர் கையில், கார் மூன்றாமவர் கையில். மூவரும் ஒரே மேசையில் இருந்து பேசும் நாள்வரை மாங்குளம் சந்தியில் நிற்பவர் வெயிலிலேயே நிற்கவேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் பஸ் நேரமும் வீதிப் பழுதும் தனித்தனி விடயங்களாகப் பேசப்படுகின்றன. அவற்றை ஒரே விடயமாக எடுக்கும்படி நம் பிரதிநிதிகள் வற்புறுத்தவேண்டும்.

உத்தியோகத்தர் சங்கங்கள் வாகன அனுமதிப் பத்திரத்துக்காகவும் வரிச்சலுகைக்காகவும் கொழும்புக்கு விண்ணப்பம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதட்டும், தடையில்லை. அடுத்த விண்ணப்பத்தை எழுதும்போது அதே தாளில், முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் செல்லும் விடிகாலைப் பஸ் கிளினிக் தொடங்குமுன் போய்ச் சேரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும்படி வேண்டுகிறோம். அந்தப் பஸ்ஸில் வருபவர்களே அவர்களிடம் மருந்துக்கும் கடனுக்கும் காணிப் பத்திரத்துக்கும் அன்றன்று வந்து நிற்பவர்கள்.